ஏட்டில் லாபம், கையில் நட்டம்: தொழில் பற்றிக் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பனியன் துணியில் அச்சிடும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் ஆண்டுக்கு நான்கைந்து முறை பேசக் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு கேள்விகள். முகங்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. மேடையில் அவசரமாகச் சொல்லி முடித்த பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

நான் வணிகவியல் மாணவன் இல்லை. இதெல்லாம் எனக்குப் புரியுமா?

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். இருப்புநிலைக் குறிப்பைக் கோடு போட்டு அழகாக எழுதிக் காட்டும் பி.காம். மாணவர்களிடம், "உங்கள் விடுதியில் ஒரு தோசை போட என்ன செலவாகும்?" என்று கேட்டிருக்கிறேன். அறை அமைதியாகிவிடும். உயிரியல் படிக்கும் ஒரு பெண் மாவு, எண்ணெய், எரிவாயு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "மாஸ்டர் சம்பளத்தை எப்படிச் சேர்ப்பது சார்?" என்று திருப்பிக் கேட்டார். பாதிப் பாடம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

தொழில் என்றால் அடிப்படையில் என்ன?

வாங்குவது, அதை மாற்றுவது அல்லது இடம் சேர்ப்பது, விற்பது, வசூலிப்பது. நான்காவதைப் பாடப்புத்தகங்கள் விற்பனைக்குள்ளேயே அடக்கிவிடுகின்றன. கடை வைத்தவர்கள் அப்படிச் சேர்ப்பதில்லை. விற்றவன் வேறு, வசூலித்தவன் வேறு.

'முதலாளி' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதலை ஆள்பவர் முதலாளி. ஆட்களை விரட்டுவதும் சுழல்நாற்காலியில் உட்காருவதும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. போட்ட பணம் இப்போது எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்தவர், அவ்வளவுதான். அது துணியாக இருக்கலாம், இன்னொருவரின் பாக்கியாக இருக்கலாம், கல்லாவில் நோட்டாகவும் இருக்கலாம்.

யாரும் யோசிக்காத ஒரு யோசனை கிடைத்தால்தானே தொடங்க முடியும்?

இந்தக் கேள்விக்காகவே நான் எப்போதும் எடுத்துச் சொல்வது கடலூர்க் கதை. 1983-ல் சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஷாம்பூ அவர் கண்டுபிடித்ததல்ல. அதைச் சிறிய பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்ற யோசனைகூட அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன் ஏற்கெனவே செய்து பார்த்ததுதான். மகன் வேலை செய்தது வாங்குபவரின் தயக்கத்தின் மேல். சீயக்காய் தேய்த்துப் பழகிய ஊர்களுக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் ஒரு பையனின் தலையில் ஷாம்பூ தேய்த்துக் காட்டினார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். பழக்கம் பிடித்த பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். இன்றைய கெவின்கேர் நிறுவனம் வளர்ந்தது அங்கிருந்துதான்.

அந்தத் திட்டத்தில் புதிய பொருள் எதுவும் இல்லை. மொத்தமாகப் புட்டி வாங்கப் பணமில்லாத ஒரு வீட்டில், ஒருநாள் குளியலுக்கு எவ்வளவு செலவழிப்பார்கள் என்ற கணக்கு இருக்கிறது. யோசனையைத் தேடுவதைவிட, யார் எதற்காகத் தயங்குகிறார்கள் என்று பாருங்கள்.

விலை வைப்பது எப்படி? எத்தனை விற்றால் முதல் திரும்பும்?

இதற்கு என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது துறை விழாவுக்கு டி-ஷர்ட் அச்சடித்து விற்கலாம் என்று இறங்கினேன். ரூபாயை இன்றைய விலைக்கு மாற்றி எழுதுகிறேன், கதை மாறவில்லை.

வெறும் சட்டை 140 ரூபாய். அச்சுக்கூலி 45. ஆக, சட்டை ஒன்றுக்கு 185. எத்தனை சட்டை அடித்தாலும் கூடவோ குறையவோ செய்யாத செலவுகளும் உண்டு. மூன்று நிறத்துக்கு மூன்று ஸ்கிரீன் (அச்சுச் சட்டம்), பஸ், லாரி வாடகை, மாதிரிச் சட்டை எல்லாம் சேர்த்து 3,250. விற்பனை விலை 250 என்று வைத்தேன்.

முதல் வகைக்கு மாறும் செலவு என்று பெயர், இரண்டாவது நிலையான செலவு. ஒரு சட்டை விற்றால் 250-ல் 185 போக 65 மிஞ்சும். அந்த 65-ஐக் கொண்டு 3,250-ஐ அடைக்க வேண்டும். 3,250-ஐ 65-ஆல் வகுத்தால் 50. ஐம்பது சட்டை விற்றால் நட்டமில்லை, ஐம்பத்தொன்றிலிருந்து லாபம். பாடப்புத்தகம் இதைச் சமநிலைப் புள்ளி என்கிறது. விடுதி அறையில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, ஐம்பதுதானே என்று கையைத் தட்டிக்கொண்டு 150 சட்டைக்கு ஆர்டர் கொடுத்தேன்.

தப்பு எங்கே என்று தெரிகிறதா? அந்த ஐம்பது என்ற விடை, கேட்டவருக்கு மட்டும் அடித்துக் கொடுக்கும்போதுதான் சரி. நான் 150 சட்டையையும் முன்கூட்டியே அடித்து வாங்கிவிட்டேன். 150 × 185 = 27,750. அதோடு 3,250 சேர்த்தால், விற்றாலும் விற்காவிட்டாலும் நான் கொடுத்தாக வேண்டியது 31,000. அதைத் திரும்ப எடுக்க 31,000-ஐ 250-ஆல் வகுக்க வேண்டும். விடை 124. எனக்கு முதல் திரும்பும் இடம் ஐம்பது அல்ல, நூற்று இருபத்து நான்கு.

விற்றது 118. அளவு கேட்காமல் எம், எல், எக்ஸ்எல் மூன்றிலும் ஐம்பது ஐம்பதாக வாங்கியிருந்தேன். எங்கள் துறையில் ஐம்பது எக்ஸ்எல் உடம்புகள் இல்லை.

அப்படியானால் உங்களுக்கு லாபமா, நட்டமா?

அன்று கணக்குப் பாடம் எடுத்த பேராசிரியரிடமே போய்க் கேட்டேன். "எந்த லாபம் வேண்டும்?" என்றார்.

ஏட்டுக் கணக்கை முதலில் பாருங்கள். விற்ற 118 சட்டையிலும் 65 ரூபாய் மிஞ்சியது, மொத்தம் 7,670. நிலையான செலவு 3,250 போக லாபம் 4,420. மீதி 32 சட்டைகள் சரக்கிருப்பாக, அடக்க விலைக்கு, அதாவது ஒன்றுக்கு 185 வீதம், 5,920 ரூபாய் மதிப்போடு ஏட்டில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, எல்லோரும் பணம் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு பாருங்கள். வரவு 29,500, செலவு 31,000. கையில் 1,500 நட்டம். ஏட்டில் லாபம் காட்டுகிற அதே வியாபாரம்தான்.

உண்மையில் எல்லோரும் கொடுக்கவும் இல்லை. 118 பேரில் 20 பேர் கடன் சொன்னார்கள். விழா முடிந்த அன்று என் பையில் இருந்தது 24,500. அச்சுப் பட்டறைக்குத் தர வேண்டிய பாக்கியில் 6,500 துண்டு விழுந்தது. அந்த இருபதில் பதினொரு பேர் செமஸ்டர் முடிவதற்குள் கொடுத்தார்கள். மற்ற ஒன்பது பேரில் இரண்டு பேரின் திருமணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டும் வந்தேன். இப்படித் திரும்பி வராத பாக்கிக்குக் கணக்கியலில் வாராக்கடன் என்று பெயர்.

பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார். சரக்கிருப்பை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் எழுத வேண்டும். போன விழாவின் தேதி அச்சடித்த சட்டையை யார் வாங்குவார்? ஆகவே அந்த 5,920 வெறும் எண்தான், 4,420 லாபமும் அதோடு கரைந்துவிட்டது. கடைத்தெருவில் இதையே 'முதலுக்கே மோசம்' என்பார்கள்.

இன்று என் பட்டறையில் பாதி முன்பணம் வராமல் துணி வெட்டுவதில்லை. அளவுப் பட்டியலும் பெயரோடு வர வேண்டும்.

100 ரூபாய்க்கு வாங்கி 125-க்கு விற்றால் 25 சதவீத லாபம்தானே?

வாங்கிய விலைமேல் 25 சதவீதம். விற்ற விலையில் 20 சதவீதம். இரண்டும் சரி, ஆனால் கலந்துவிடக் கூடாது. தள்ளுபடி கொடுக்கும்போது இது கடிக்கும். "லாபம் இருபத்தைந்து இருக்கிறதே, பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் என்ன?" என்று நினைப்பீர்கள். 125-ல் பத்து சதவீதம் 12.50. உங்கள் லாபத்தில் சரிபாதி போய்விட்டது. பழைய லாபத்தைப் பிடிக்க இனி இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

கணக்கு எழுத என்ன செயலி நல்லது?

நோட்டுப் புத்தகம். முதல் ஆறு மாதத்துக்கு உண்மையிலேயே அது போதும். நாள், யாரிடம், எதற்கு, வரவு, பற்று, இருப்பு என்று ஆறு கட்டம். ஒவ்வொரு இரவும் ஏட்டு இருப்பும் கை இருப்பும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒத்துவராத இரவுகளில்தான் கற்றுக்கொள்வீர்கள்.

கணக்கெழுத்து ஏதோ வெளியூர்ச் சரக்கு என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் இருக்கிறது. பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை, நிலுவை, கொள்முதல் எல்லாம் இங்கே புழங்கிய சொற்கள். பர்மா, இலங்கை, மலேயா எனக் கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய நகரத்தார், பிள்ளைகளைச் சிறுவயதிலேயே கடையில் உட்கார வைத்தார்கள். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுபிடியாக இருக்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, படிப்படியாக அடுத்தாள் எனும் உதவியாளாகி, பிறகே பொறுப்புக்கு வர முடியும். கணக்கு ஒத்துவராமல் எழுந்திருக்கக் கூடாது என்பதை அந்தப் பெட்டியடியில்தான் பழகினார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி யுபிஐ. வாடிக்கையாளர் அனுப்பிய 500 ரூபாயும் அம்மா அனுப்பிய 500 ரூபாயும் ஒரே இடத்தில் விழுந்தால், மாதக் கடைசியில் எந்தக் கணக்காளராலும் பிரிக்க முடியாது. உங்கள் பிரியாணிக்கு எடுத்தால் 'எடுப்பு' என்று எழுதிவிட்டு எடுங்கள்.

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து தொடங்குகிறோம். நட்புக்குள் எதற்கு எழுத்து?

நட்பு நிலைக்க வேண்டுமென்றால் எழுத்து வேண்டும். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-ஐச் சேர்ந்தது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமபங்கு என்கிறது அது. ஒருவர் ஒரு லட்சம் போட்டு, இன்னொருவர் இரவெல்லாம் உழைத்து, மூன்றாமவர் பெயருக்கு மட்டும் இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குதான். இதைவிடக் கவனிக்க வேண்டியது கடன் பொறுப்பு. நிறுவனத்தின் பெயரில் ஒரு கூட்டாளி வாங்கிய கடனுக்கு மூவரும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் முழுத்தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம், உங்கள் சொந்தச் சொத்து உட்பட. நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்தப்படி தராத வெளியார்மீது நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட முடியாது.

பொறுப்பு, போட்ட முதலோடு நிற்க வேண்டுமென்றால் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை (எல்.எல்.பி.) இருக்கிறது. தனியார் நிறுவனம் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கு இரண்டு பேராவது வேண்டும். ஒருவரே தொடங்கும் ஒருநபர் நிறுவனத்துக்கும் அதே சட்டம் இடம் தருகிறது. இவற்றில் எந்த வழியில் போனாலும், வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் படிவம் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் அபராதம் ஏறும். கல்லூரி முடிந்ததும் மறந்துபோய், மூன்று ஆண்டு கழித்து அபராதக் கடிதத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் பத்துப் பேர்கூடச் சேராத நிலையில் நிறுவனம் பதிவு செய்ய ஓடாதீர்கள்.

எழுதும் தாளில் ஒரு வரியை மட்டும் மறக்க வேண்டாம்: ஒருவர் வேலை கிடைத்து விலகினால் அவருக்கு என்ன தருவது? நான்காம் ஆண்டில் நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வு வரும்போது, முக்கால்வாசி மாணவர் கூட்டணிகள் உடைவது அந்த வரி இல்லாததால்தான்.

ஜிஎஸ்டி, உணவு உரிமம் எல்லாம் முதல் நாளே வேண்டுமா?

தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும் சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கவனியுங்கள், விற்றுமுதல் என்பது மொத்த விற்பனைத் தொகை, லாபம் அல்ல. பெங்களூருக்கோ கொச்சிக்கோ பொருள் அனுப்பி விற்கத் தொடங்கினால், பொதுவாக இந்த வரம்பு உங்களைக் காப்பாற்றாது. உணவுப் பொருள் என்றால் வீட்டு அடுப்பில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது?

முதலில், வாடிக்கையாளரின் முன்பணம். வட்டியில்லாத பணம் அது ஒன்றுதான்.

அடுத்து வங்கி. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய முத்ரா கடன் திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. படித்து முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. பட்டம், பட்டயம், ஐடிஐ முடித்தவர்கள் உற்பத்தி அல்லது சேவைத் தொழில் தொடங்க 25 சதவீத மானியம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள், இடைத்தரகர் தேவையில்லை.

கடைசியில் தண்டல், அதாவது தினம் தவணை கட்டும் தனியார் கடன். இதை மாணவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். 10,000 ரூபாய்த் தண்டலில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள், நூறு நாள் தினம் நூறு கட்ட வேண்டும். "ஆயிரம்தானே வட்டி, பத்து சதவீதம்" என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 உங்களிடம் நூறு நாளும் இருப்பதில்லை. மறுநாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். 'மூன்று வட்டி' என்றால் மாதத்துக்கு மூன்று, ஆண்டுக்கு முப்பத்தாறு. கடன் வாங்குமுன் எதையும் ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

பெரிய நிறுவனம் ஆர்டர் தருகிறது, ஆனால் பணம் மூன்று மாதம் கழித்து என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

அந்த மூன்று மாதமும் கூலி, துணி, வாடகையை நீங்கள் எங்கிருந்து கொடுப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆர்டர் இல்லாமல் சாகிற பட்டறைகளைவிட ஆர்டர் வந்து சாகிற பட்டறைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த உரிமையைப் பயன்படுத்த, இத்தகைய தொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவு வைத்திருங்கள். இணையத்தில் இலவசம், ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்கள் ஏமாற்றுகிறார்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன்: அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில், புகார் கொடுப்பவர்கள் குறைவு. நானும் கொடுத்ததில்லை.

சேவை செய்யவே விரும்புகிறேன். எனக்கு எதற்கு இந்த லாபக் கணக்கு?

மதுரையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுவதில் மிஞ்சுவதைக் கொண்டு, கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். ஒரு சிகிச்சைக்கு என்ன அடக்கம் என்று தெரியாத இடத்தில் இலவசம் நீண்ட நாள் ஓடாது.

எம்.பி.ஏ. கட்டாயமா?

இல்லை. நல்ல இடத்தில் கிடைத்தால் படியுங்கள். அதுவரை கோடை விடுமுறையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார இடம் கேளுங்கள்.

அந்த 32 சட்டைகள் என்னவாயின?

எல்லாக் கல்லூரியிலும் கடைசியில் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான்கை வீட்டில் உடுத்தினோம். மீதி இருபத்தெட்டையும் அச்சடித்துக் கொடுத்த பட்டறைக்காரரே பனியன் வேஸ்ட் கணக்கில், மெஷின் துடைக்க, ஒன்று 15 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். 420 ரூபாய். வராத ஒன்பது பேர் பாக்கியையும் சேர்த்து என் கடைசி நட்டம் 3,330. அதை அவரிடம் நான்கு சனிக்கிழமை ஸ்கிரீன் கழுவிக் கழித்தேன். ஐந்தாவது சனிக்கிழமை கூலி கொடுத்தார்.